மாருத் விமானமும் டர்பைன் பிளேடும்

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மனியின் பெயர்பெற்ற போர் விமானமாக விளங்கிய ஃபோக்க-வுல்ஃப் 190ஐ வடிவமைத்த கர்ட் டாங்க், 1956ஆம் ஆண்டில் பெங்களூருக்கு வந்து, இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் நம் நாட்டுப் பொறியாளர்களோடு கூடி உருவாக்கியதே எச்.எஃப்.24 மாருத் என்னும் போர் விமானம். எஞ்சின் இல்லாத மர விமானம் ஒன்றை முழு அளவில் செய்து, வேறொரு விமானத்தால் வானில் இழுத்துச் சென்று பரீட்சித்துத் தெளிந்த பிறகே உலோக விமானத்தில் கைவைத்தார்கள். 1961 ஜூன் 17 அன்று விமானி சுரஞ்சன் தாஸ் அதை வானில் செலுத்திக் காட்டினார்.

ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தைக் கருதி அமைக்கப்பட்ட அந்த உடலுக்கு ஏற்ற எஞ்சின்தான் கடைசிவரை வாய்க்கவில்லை. பிரிட்டனில் திட்டமிடப்பட்டிருந்த ஆர்ஃபியஸ் 12 எஞ்சினை அபிவிருத்தி செய்யும் செலவை ஏற்க நம் சர்க்கார் இசையாததால், ஒவ்வொன்றும் சுமார் 2,200 கிலோகிராம் உந்துவிசையே தரும் ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்கள் இரண்டைக் கொண்டே மாருத் தன் ஆயுளைக் கழித்தது. 1971 டிசம்பர் யுத்தத்தில் இராஜஸ்தான் முனையில் தரைப்படைக்குத் துணைநின்று அது ஆற்றிய சேவை சிறப்பானது. எனினும் 147 விமானங்களோடு உற்பத்தி முடிந்துவிட்டது. அன்றைய சிக்கனத்தால் தேசம் அடைந்த நஷ்டம் மிகப் பெரிது என்பதே என் அபிப்பிராயம்.

எஞ்சின் செய்வது ஏன் இத்தனை துர்லபமாயிருக்கிறது? காற்றை உள்ளிழுத்து அழுத்தி, எரிபொருளைக் கலந்து கொளுத்தி, பீறிட்டு வரும் வாயுவால் டர்பைனைச் சுழற்றுவது என்ற தத்துவம் எளிதுதான். ஆனால் நவீன போர் விமான எஞ்சினில் அந்த வாயுவின் உஷ்ணம், டர்பைன் பிளேடு எந்த உலோகத்தால் ஆனதோ அந்த உலோகமே உருகிவிடும் உஷ்ணத்தையும் மிஞ்சியது. உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சிறு பிளேடு, அத்தகைய அக்கினியின் நடுவே, நிமிஷத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் சுழன்றும் நீண்டுவிடாமல் நிற்க வேண்டும். சாதாரண உலோகம் எண்ணற்ற ஸ்படிகத் துணுக்குகளின் சேர்க்கையாகையால், அவை கூடும் எல்லைகளில் நெகிழ்ந்து கொடுக்கிறது. எனவே பிளேடு முழுவதையும் ஒரே ஸ்படிகமாக வார்க்கிறார்கள்.

இதற்கு ஆதாரமான முறை, சுவாமிமலை ஸ்தபதிகள் விக்கிரகம் வார்க்கும் மதுச்சிஷ்ட விதானம் என்னும் மெழுகு வார்ப்பு முறையேதான். பிளேடை மெழுகில் செய்து, குளிர்காற்று ஓடும் வழிகளுக்காக உள்ளே பீங்கான் கரு ஒன்றை வைத்து, மேலே பீங்கான் குழம்பைப் பல தடவை பூசி உலர்த்தி, மெழுகை உருக்கி வெளியேற்றுகிறார்கள். பின்னர் வெற்றிட உலையில் நிக்கல் கலவையை அந்தக் கூட்டுக்குள் ஊற்றி, கூட்டை உஷ்ணப் பகுதியிலிருந்து மெல்ல மெல்லக் கீழே இறக்க, உலோகம் அடியிலிருந்து மேல்நோக்கி உறைகிறது. அடியில் திருகுசுருளாக ஒரு குறுகிய பாதை உண்டு. பல ஸ்படிகங்கள் புறப்பட்டாலும் அதைக் கடந்து மேலேறுவது ஒன்றே. அதுவே வளர்ந்து பிளேடாகிறது. உள்ளிருக்கும் கருவை ரசாயனத்தால் கரைத்து எடுத்தபின், அவ்வழியே காற்று ஓடி, நுண்துளைகளால் வெளிப்பட்டு, பிளேடின் மேல் போர்வையாகப் படர்ந்து காக்கிறது.

மாருத்துக்குப் பின் நம் நாட்டில் உருவாகி, 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்த தேஜஸ் போர் விமானமும் அமெரிக்க எஞ்சினோடுதான் பறந்தது. அதற்கென்றே பெங்களூரில் தொடங்கிய காவேரி எஞ்சின் அதில் ஏறவேயில்லை. ஆயினும் 2021இல் ஹைதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சிக்கூடம், ஹெலிகாப்டர் எஞ்சினுக்கான ஒற்றை ஸ்படிக பிளேடுகள் 60ஐத் தானே வார்த்துக் கொடுத்தது. விமானம் பறக்கும் நாளில் கைதட்டும் நாம், காட்சிக்கு ஒன்றும் தராத இவ்வார்ப்படச் சாலைகளுக்கு ஆண்டுதோறும் ஒதுக்கும் நிதி குறையாதபடி நம் பிரதிநிதிகளைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.