இரசிகன் படும் பாடு

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய தெருக்களில், போட்டி நடைபெறும் மாலைப்பொழுதில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். தேநீர்க் கடையின் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னே பத்துப் பன்னிரண்டு பேர் கூடி நிற்பர். கையிலுள்ள தேநீர் ஆறிப்போயிருக்கும். திடீரென "ஐயோ!" என்றொரு குரல் எழும். இலங்கை அணி இன்னுமொரு விக்கெட்டை இழந்துவிட்டது என்பதை அறியத் திரையைப் பார்க்கவும் வேண்டியதில்லை. "இனி இந்த ஆட்டத்தைக் கண்ணெடுத்தும் பாரேன்" என்று சபதஞ் செய்து வெளியேறுவார் ஒருவர். அடுத்த போட்டியன்று முதல் ஆளாக வந்து இடம்பிடிப்பவரும் அவரே!

நாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. நமக்கு உகந்த அணிகள் இரண்டு. ஒன்று தேசியக் கிரிக்கெட் அணி. மற்றையது தேசிய உதைபந்தாட்ட அணி. முன்னது நம்பிக்கையை ஊட்டி வளர்த்துப் பின்னர் உடைக்கும். பின்னதோ நம்பிக்கை கொள்வதற்கே இடந்தருவதில்லை.

இவ்விரு ஆட்டங்களும் நம் ஊருக்குப் புதியனவல்ல. ஆங்கிலேயர் இத்துறைமுகத்தில் நிலைகொண்டிருந்த காலத்தில் கப்பல்களோடு பந்தும் மட்டையும் வந்திறங்கின. 1957ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை இத்தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துச் சென்றது. கப்பல்கள் போயின, ஆட்டங்கள் தங்கிவிட்டன. இன்றும் கடற்கரை மணலில் கிரிக்கெட் ஆடும் சிறுவரைக் காணலாம். கிண்ணியாப் பக்கஞ் சென்றால் உதைபந்தாட்டமே பேச்சு.

கிரிக்கெட்டில் நம் துன்பமெல்லாம் ஓர் இன்பத்திலிருந்தே பிறந்தது எனலாம். 1996 மார்ச் 17ஆந் திகதி லாகூரில் நடைபெற்ற உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் அவுஸ்திரேலியாவை 7 விக்கெட்டுகளால் வென்றது அர்ஜுன ரணதுங்கவின் அணி. அரவிந்த டி சில்வா 3 விக்கெட்டுகளை வீழ்த்தியதோடு, ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களும் குவித்தார். ஒருமுறை அமுதுண்டவனுக்குக் கூழ் சுவைப்பதெங்ஙனம்? அதன்பின் வந்த ஒவ்வோர் அணியையும் அந்தத் தராசிலேயே நிறுத்துப் பார்க்கிறோம்.

பின்னர் நேர்ந்தவற்றைக் கேளுங்கள். 2007 ஏப்ரலில் பார்படோஸில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. கில்கிறிஸ்ட் 149 ஓட்டங்கள் எடுத்து நம் நம்பிக்கையைச் சிதறடித்தார். மழையால் குறுகிய அவ்வாட்டம் மங்கிய இருளிலே முடிந்தது. அதே இரவில் கொழும்பின்மீது வான்தாக்குதல் நிகழ, நகரில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அங்கும் இருள், இங்கும் இருள். 2011இல் மும்பையில் மஹேல ஜயவர்தன சதம் அடித்தும் தோல்வி. 2009இலும் 2012இலும் இருபது ஓவர் உலகக் கிண்ண இறுதிகளில் தோல்வி. 2012இல் தோற்றது நம் கொழும்பு மண்ணிலேயே. 2014இல் டாக்காவில் கிடைத்த வெற்றி அந்தப் புண்ணுக்கு மருந்தாயிற்று.

உதைபந்தாட்டத்திலோ பெருமையுடன் சொல்லத்தக்கது, 1995இல் கொழும்பில் இந்தியாவை 1-0 என வென்று தெற்காசியத் தங்கக் கிண்ணத்தைப் பெற்றதே. 2023இல் உலகத் தரவரிசையில் நம் நாடு 207ஆம் இடத்தில் நின்றது. அதற்குக் கீழே இருந்த நாடுகளை ஒரு கைவிரலால் எண்ணிவிடலாம்.

இவையனைத்தையும் பொறுத்துக்கொண்டோம். ஆட்டமென்றால் வெற்றியும் உண்டு, தோல்வியும் உண்டு. ஆனால் 2023ஆம் ஆண்டு நிகழ்ந்ததை எவ்வாறு பொறுப்பது?

அவ்வாண்டு ஜனவரியில், வெளியார் தலையீட்டைக் காரணங்காட்டி உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்டில் தடை நீங்குமுன், பெங்களூரில் நடைபெற்ற தெற்காசியச் சம்பியன் போட்டி நம் அணி இன்றியே முடிந்துவிட்டது. செப்டெம்பரில் ஆசியக் கிண்ணக் கிரிக்கெட் இறுதியில், கொழும்பில், இந்தியாவுக்கு எதிராக 50 ஓட்டங்களுக்குச் சுருண்டோம். நவம்பர் 2ஆந் திகதி மும்பையில் 55 ஓட்டங்களுக்குச் சுருண்டோம். அடுத்து விளையாட்டுத்துறை அமைச்சர் கிரிக்கெட் சபையைக் கலைத்தார். நவம்பர் 10ஆந் திகதி, அரசின் தலையீடு எனக் கூறிச் சர்வதேசக் கிரிக்கெட் பேரவையும் நம்மை இடைநிறுத்தியது. 2024 ஜனவரியில் தடை நீக்கப்பட்டபோதிலும், இலங்கையில் நடக்கவிருந்த பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் அதற்குள் தென்னாபிரிக்காவுக்குச் சென்றுவிட்டது.

ஓராண்டினுள் நம் இரு அணிகளும் உலக அரங்கின் வாயிலில் நிறுத்தப்பட்டன! பந்தைத் தவறவிட்ட இளைஞனுக்காகவா இது நேர்ந்தது? இல்லை. மைதானத்தில் கால் வைக்காதவர்களின் பிணக்கினால் நேர்ந்தது. ஆயினும் தேநீர்க் கடையிலே நாம் ஏசியது யாரை? துடுப்பாட்டக்காரனையன்றோ! ஆட்டத்தில் நேர்ந்த தோல்வி ஓரிரவில் ஆறவேண்டிய கோபம். நிர்வாகத்தில் நேர்ந்த தவறோ ஆண்டுக்கணக்கில் நாம் கேட்டுக்கொண்டேயிருக்கவேண்டிய கேள்வி. நாம் இவ்விரண்டையும் மாற்றிவைத்துக் கொண்டோம்.

இன்னொரு கஷ்டமும் நம் ஊர் இரசிகருக்கு உண்டு. போர்க்காலத்தில் பல தமிழ் இல்லங்களில் "இது நம் அணி" என்று சொல்வது எளிதாயிருக்கவில்லை. முத்தையா முரளிதரன் பந்தை எடுக்கும்போது மட்டும் எழுந்து நின்ற வீடுகளும் உண்டு. தந்தை இந்தியாவின் பக்கமும் மகன் இலங்கையின் பக்கமும் அமர்ந்து 2011 இறுதியாட்டத்தைக் கண்ட வீடுகளும் உண்டு. எவர் பக்கம் சரி என்று தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்வோம்: அயலான் தோற்றால் எவரும் சோற்றை வெறுப்பதில்லை. கோபம் வருகிறதெனில், அவ்வணியில் நமக்கும் பங்கிருக்கிறது என்பதே பொருள். பங்கிருப்பவர் கணக்குக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

மனமுடைந்திருக்கும் மாணவருக்கு ஒரு செய்தி. இலங்கை மகளிர் அணி ஆசியக் கிண்ண இறுதியில் பலமுறை இந்தியாவிடம் தோற்றது. 2024 ஜூலை 28ஆந் திகதி தம்புள்ளையில், சமரி அத்தபத்துவின் தலைமையில், அதே இந்தியாவை 8 விக்கெட்டுகளால் வென்று கிண்ணத்தை ஏந்தியது. அதே ஆண்டு செப்டெம்பரில் நம் உதைபந்தாட்ட அணி கம்போடியாவைப் பெனால்டி உதைகளில் வென்று, ஆசியக் கிண்ணத் தகுதிப் போட்டிகளின் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தது. உலகம் வியக்கும் சாதனையன்று. ஆயினும் தடைபட்டுக் கிடந்த அணி எழுந்து நடந்ததைக் கண்டோம்.

ஆகவே, அடுத்த போட்டியிலும் தோற்றால் வைதுகொள்ளுங்கள். ஆனால் வீரனின் குலத்தையும் குடும்பத்தையும் வையாதீர்கள். சபதமும் செய்யுங்கள், அது இரசிகரின் உரிமை. மறுநாட் காலை பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்திற்குச் செல்லுங்கள். மாலையில் தேநீர்க் கடையில் நமக்கும் ஓர் இடம் பிடித்துவையுங்கள். நாம் கட்டாயம் வருவோம்.