தொழில்நுட்பத் தொடர்பாளர் அமைப்புகளில் உறுப்பினராதல்: தனிப்பயனும் பொதுப்பயனும்

ஆய்வுச் சுருக்கம்

பயனர் கையேடு, பராமரிப்புக் குறிப்பு, மென்பொருள் ஆவணம் முதலியவற்றை எழுதுவோர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து தமக்கெனத் தொழில்சார் அமைப்புகளை உருவாக்கி வந்துள்ளனர். அவற்றுள் பெரியதாக விளங்கிய அமெரிக்க அமைப்பு 2025இல் கலைந்தது. உறுப்பினராவோர் பெறுவது யாது, அமைப்பு தருவது யாது என்னும் இரு வினாக்களையும் பிரித்து நோக்கினால் இந்நிகழ்வின் காரணம் விளங்கும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தொழில்நுட்பத் தொடர்பியல், உறுப்புரிமை, அறநெறி, பொதுப்பயன், பயனர் கையேடு

முன்னுரை

மாவரைக்கும் இயந்திரத்துடன் வரும் கையேட்டை எழுதியவர் யார் என்று வாங்குவோர் கேட்பதில்லை. மருந்துப் பெட்டியினுள் மடித்து வைக்கப்படும் தாளும், விமானப் பராமரிப்புக் குறிப்பும் அத்தகையனவே. எழுதியவரின் பெயர் அவற்றில் இடம்பெறுவதில்லை. பிழை நேர்ந்தால் மட்டுமே அவ்வெழுத்து கவனிக்கப்படுகிறது.

இத்தொழிலுக்குள் நுழைய உரிமம் தேவையில்லை. இந்தியாவில் வழக்குரைஞராகப் பணியாற்ற விரும்புபவர் 1961ஆம் ஆண்டின் வழக்குரைஞர்கள் சட்டப்படி மாநிலப் பார் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். தொழில்நுட்பத் தொடர்பாளருக்கு அத்தகைய கட்டாயம் இந்தியாவிலோ அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இல்லை. ஆகவே அமைப்பொன்றில் சேர்வதும் சேராதிருப்பதும் அவரவர் விருப்பம். அமைப்புகளின் வலிமை, வலிமையின்மை ஆகிய இரண்டுக்கும் வேர் இந்த விருப்பத்தன்மையே.

அமைப்புகளின் தோற்றம்

இரண்டாம் உலகப்போரும் அதற்குப் பிந்தைய மின்னணுத் தொழில் வளர்ச்சியும் கையேடு எழுதுவதைத் தனித்த பணியாக்கின. இங்கிலாந்தில் 1948இல், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் மின்பொறியியல் பேராசிரியர் ரெஜினால்டு காப் என்பாரைச் சார்ந்து ஒரு குழு உருவாயிற்று. அதுவும் வேறு இரு அமைப்புகளும் 1972இல் இணைந்து அறிவியல், தொழில்நுட்பத் தொடர்பாளர் நிறுவனமாயின.

அமெரிக்காவில் 1953இல் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் தனித்தனியே இரு சங்கங்கள் தோன்றின. 1957இல் அவை ஒன்றாயின. 1960இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வெளியீட்டாளர் சங்கமும் இணைந்தது. 1971இல் அதற்குத் தொழில்நுட்பத் தொடர்பியல் சங்கம் என்ற பெயர் சூட்டப்பெற்றது. பெயர் மாறிய வரிசை கருதத்தக்கது. 1957இல் ‘எழுத்தாளர், பதிப்பாசிரியர்’ என்றும், 1960இல் ‘எழுத்தாளர், வெளியீட்டாளர்’ என்றும் வழங்கிய பெயர் பின்னர் ஆள்களைக் குறிப்பதை விடுத்துத் துறையைக் குறிக்கலாயிற்று. தாம் செய்யும் பணிக்குப் பெயரிடுவதே அச்சங்கத்தின் தலையாய பணியாக இருந்தது எனலாம். பெயரில்லாத தொழிலுக்குப் பதவியும் இல்லை, ஊதிய வரையறையும் இல்லை.

உறுப்பினர் பெறுபவை

சேரும் முறை எளியது. விண்ணப்பித்து ஆண்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். இங்கிலாந்து நிறுவனத்தில் கல்வியையும் பணி அனுபவத்தையும் கருதித் தகுதிநிலை வழங்கப்படுகிறது. உறுப்பினர், மதிப்புறு உறுப்பினர் என்னும் நிலைகளை அடைந்தோர் தம் பெயருக்குப் பின் அதற்குரிய எழுத்துகளை இட்டுக்கொள்ளலாம். அமெரிக்கச் சங்கத்தில் கட்டணம் செலுத்தியோர்க்கு ஆய்விதழ், பருவ இதழ், மாநாட்டுக் கட்டணச் சலுகை, ஊதியத் தரவு, வட்டாரக் கிளைகளில் கூடும் வாய்ப்பு ஆகியன கிடைத்தன. இந்தியாவிலும் அதற்குக் கிளை இருந்தது.

கிளைக் கூட்டங்களின் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஒரு நிறுவனத்தில் நூறு பொறியாளரிடையே ஒரே ஒரு ஆவண எழுத்தாளர் இருப்பது இத்தொழிலில் வழக்கமான நிலை. அவருடைய வரைவைப் படித்துக் குறை சொல்லத்தக்க இன்னொருவர் அவ்வலுவலகத்தில் இருப்பதில்லை.

உறுப்பினரல்லாதார் பெறுபவை

சங்கம் ஆக்கிய மற்றொரு வகைப் பயன் உண்டு. 1998இல் அமெரிக்கச் சங்கம் ஆறு அறநெறிகளை ஏற்றது: சட்டத்துக்கு உட்படல், நேர்மை, இரகசியம் காத்தல், தரம், நடுநிலை, தொழில்முறைப் பண்பு. விற்பனைப் பிரிவின் வற்புறுத்தலால் ஓர் எச்சரிக்கை வாசகத்தை நீக்கும்படி பணிக்கப்படும் எழுத்தாளர், ‘இது என் விருப்பமன்று, என் தொழிலின் நெறி’ என்று சுட்டிக்காட்ட அந்நெறிகள் இடமளித்தன. அதைச் சுட்ட அவர் கட்டணம் செலுத்தியிருக்க வேண்டியதில்லை. பாடத்திட்டங்களுக்கு அடிப்படையான அறிவுத்தொகுப்பும், தொழிலுக்குக் கிடைத்த பொது ஏற்பும் இத்தகையனவே.

பொருளியலாளர் மான்கர் ஓல்சன் கூட்டுச் செயலின் தர்க்கத்தை ஆராய்ந்த தம் நூலில் (1965) இச்சிக்கலை விளக்கினார். அனைவருக்கும் கிட்டும் பொதுப்பயனுக்காக மட்டும் தனிமனிதர் பொருள் செலவிடார். பிறர் செலவில் தாமும் நுகரலாம் என்று இருந்துவிடுவர். எனவே பெரிய அமைப்புகள் உறுப்பினர்க்கு மட்டுமே கிட்டும் தனிப்பயன்களைத் தந்து ஆள் சேர்க்கின்றன. அவ்வாறு சேர்ந்த பொருளைக் கொண்டே பொதுப்பயனை ஆக்குகின்றன. இதழும் மாநாட்டுச் சலுகையும் உண்மையில் அறநெறிகளுக்கான செலவைத் தாங்கின.

1990களின் இறுதியில் உறுப்பினர் தொகை இருபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. பின்னர் அது இறங்கியது. இணையத்தின் வழி அறிவுரை, பயிற்சி, ஊதிய விவரம், வேலை அறிவிப்பு எல்லாம் கட்டணமின்றிக் கிடைக்கத் தொடங்கின. தனிப்பயனுக்கு விலை இல்லாமற்போனபோது பொதுப்பயனைத் தாங்கிய தூணும் உடன் சரிந்தது. 2025 ஜனவரி இறுதியில், உறுப்பினர் குறைவையும் கடன் சுமையையும் குறிப்பிட்டு, அமெரிக்கத் திவால் சட்டத்தின் ஏழாம் அத்தியாயத்தின்கீழ்ச் சங்கம் கலைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அச்சங்கம் வழங்கிய தொழில்திறன் சான்றிதழைப் பெற்றிருந்தோர், இல்லாத ஓர் அமைப்பின் முத்திரையை வேலைதருவோர்க்கு விளக்க வேண்டியவராயினர்.

செர்மனியின் வேறுபாடு

1978இல் தொடங்கப்பெற்ற செர்மானிய அமைப்பாகிய தேகோம் இதே இணையக் காலத்தைக் கடந்து நிலைபெற்றுள்ளது. அந்நாட்டார் சங்கப் பற்று மிக்கவர் என்பது போதிய விளக்கமாகாது. சட்டமே அங்கு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006/42 எண் கொண்ட இயந்திர நெறிமுறைப்படி, ஒவ்வோர் இயந்திரத்துடனும் அது விற்கப்படும் நாட்டின் ஆட்சிமொழியில் பயன்பாட்டுக் குறிப்பு இருத்தல் வேண்டும். 2002இல் திருத்தப்பட்ட செர்மானிய உரிமையியல் சட்டத்தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே சென்றது: பொருத்தும் முறையை விளக்கும் குறிப்பில் குறையிருந்தால் பொருளிலேயே குறையிருப்பதாகக் கொள்ளப்படும். மக்கள் வழக்கில் இவ்விதி, தாமே பொருத்திக்கொள்ளும் அறைகலன்களுக்குப் பெயர்பெற்ற ஐக்கியா நிறுவனத்தின் பெயராலேயே சுட்டப்படுகிறது.

எழுத்தின் குறை வழக்காக மாறும் நாட்டில், தரமான எழுத்து நிறுவனத்தின் தேவையாகிறது. தேகோமில் தனிநபர்களுடன் நிறுவனங்களும் உறுப்பினராக உள்ளன. அமெரிக்காவில் தனி எழுத்தாளரின் கட்டணத்தை நம்பியிருந்த சுமையின் ஒரு பகுதியை இங்குத் தொழிலகங்கள் ஏற்றன. வேறு வகையிலும் நிலைபேறு கிட்டியதுண்டு. 1957இல் வானொலிப் பொறியாளர் நிறுவனத்துள் தோன்றிய எழுத்துப் பிரிவு, பேரமைப்பொன்றின் உறுப்பாக இருப்பதால் இன்றும் ஐஇஇஇ தொழில்முறைத் தொடர்பியல் கழகமாக இயங்குகிறது.

இந்தியச் சூழல்

இந்தியாவில் இத்தொழில் பெரிதும் மென்பொருள் ஏற்றுமதியை ஒட்டி, ஆங்கிலத்திலேயே வளர்ந்தது. வாசகர் கடல்கடந்து இருந்தமையால் உள்நாட்டுச் சட்டம் அதைத் தொட்டதில்லை. எனினும் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2019) நிலையை மாற்றியுள்ளது. தீங்கைத் தடுக்கத்தக்க போதிய பயன்பாட்டுக் குறிப்போ, தவறான பயன்பாடு பற்றிய எச்சரிக்கையோ இல்லாத பொருளால் கேடு விளைந்தால் அதன் உற்பத்தியாளர் பொறுப்பேற்க வேண்டும் என்று அதன் 84ஆம் பிரிவு கூறுகிறது.

‘போதிய’ என்னும் சொல்லின் அளவு யாது என்பதையும், குறிப்பு எம்மொழியில் அமைய வேண்டும் என்பதையும் அப்பிரிவு வரையறுக்கவில்லை. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் அச்சிட்ட கையேட்டுடன் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர் ஒருவருக்குப் பூச்சிமருந்துத் தெளிப்பான் விற்கப்பட்டால், அக்குறிப்பு போதியதா? இவ்வினா நுகர்வோர் ஆணையத்தின் முன் எழும்போது, தமிழில் பயனர் குறிப்பு எழுதுவோரின் தர வரையறை என்று எடுத்துக்காட்டத்தக்க ஆவணம் ஒன்று தேவைப்படும். அதை ஆக்குவதற்கு முதலில் அவ்வெழுத்தாளர்கள் ஓரிடத்தில் பெயர் பதிந்திருக்க வேண்டும்.