ரவுட்டரைத் திருப்பிப் பாருங்கள்

வீட்டு ரவுட்டரை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினால் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். மாடல் பெயரை ஒட்டி ‘வி2’, ‘வி5’ என்று பொடி எழுத்தில் ஒரு எண். ரவுட்டரில் வேறு ஃபார்ம்வேர் போட ஆசைப்படுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு.

ரவுட்டரும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான். பிராசசர், கொஞ்சம் ராம், ஃபிளாஷ் நினைவகம் எல்லாம் உள்ளே உண்டு. ஃபிளாஷில் பதிந்திருக்கும் இயங்குதளத்தைத்தான் ஃபார்ம்வேர் என்கிறோம். 2002 இறுதியில் லிங்க்சிஸ் கம்பெனி டபிள்யூஆர்டி54ஜி என்றொரு ரவுட்டரைக் கொண்டுவந்தது. அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்பதை 2003இல் சிலர் கண்டுபிடித்துவிட்டார்கள். லினக்ஸை யாரும் பயன்படுத்தலாம், விற்கலாம். ஆனால் அதன் ஜிபிஎல் உரிமப்படி மூல நிரலையும் கொடுத்தாக வேண்டும். கேள்வி எழுந்ததும் நிரல் வெளியே வந்தது. அதை அடித்தளமாக வைத்து 2004இல் பிறந்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மாற்று ஃபார்ம்வேர். பெயரின் பின்பாதி அந்தப் பெட்டி தந்தது.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். அதே ரவுட்டரின் 5ஆம் பதிப்பில் லினக்ஸைத் தூக்கிவிட்டு வேறொரு இயங்குதளத்தைப் போட்டார்கள். ராமும் ஃபிளாஷும் பாதியாகின. வெளித்தோற்றம் மட்டும் அப்படியே. வி4 வாங்கியவருக்குச் சுலபமாக முடிந்த வேலை, வி5 வாங்கியவருக்குப் பெரும்பாடாயிற்று.

இன்றும் கதை மாறவில்லை. டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். வி1இல் 8 எம்பி ஃபிளாஷ், வி2இல் 16. வி1இல் ஓப்பன்டபிள்யூஆர்டி போட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேலை செய்யாது. அதனால் மாடல், பதிப்பு எண் இரண்டும் ஓப்பன்டபிள்யூஆர்டியின் கருவிப் பட்டியலில் இருந்தால் மட்டும் மேலே போங்கள். 16 எம்பி ஃபிளாஷும் 128 எம்பி ராமும் இருந்தால் நிம்மதி. 4 எம்பி, 32 எம்பி ரகப் பழைய பெட்டிகளுக்குப் புதிய பதிப்புகள் வருவதில்லை.

ஃபைபர் இணைப்போடு கம்பெனிக்காரர் மாட்டிவிட்டுப் போன பெட்டியில் மட்டும் கை வைக்காதீர்கள். பெரும்பாலும் அது அவர்கள் சொத்து. உள்ளே அவர்களுடைய அமைப்புகள் இருக்கும். அதன் லேன் துளையிலிருந்து ஒரு கேபிள் இழுத்து, உங்கள் சொந்த ரவுட்டரின் வான் துளையில் செருகி, அதில் சோதனை செய்யுங்கள். உங்கள் ரவுட்டரே நேரடியாக லாகின் செய்கிற இணைப்பு என்றால், அந்தப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபார்ம்வேரோடு அவையும் போய்விடும்.

இறக்க வேண்டிய கோப்பு இரண்டு வகையில் கிடைக்கும். கம்பெனி ஃபார்ம்வேரிலிருந்து முதன்முறை மாறுவதற்கு ‘ஃபேக்டரி’. ஏற்கெனவே மாறியவர் புதுப்பிக்க ‘சிஸ்அப்கிரேடு’. கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று எஸ்எச்ஏ256 எண்ணை வைத்துச் சரிபார்த்துவிட்டு, லேப்டாப்பை லேன் கேபிளில் இணைத்து (வைஃபையில் வேண்டவே வேண்டாம்), ரவுட்டரின் ‘ஃபார்ம்வேர் அப்கிரேடு’ பக்கத்தில் ஏற்றுங்கள். பாதியில் கரண்ட் போனால் வம்பு. யுபிஎஸ் இருந்தால் அதில் மாட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

சில நிமிடங்களில் ரவுட்டர் எழுந்துவிடும், ஆனால் பெரும்பாலும் வைஃபை இருக்காது. கெட்டுவிட்டது என்று பதறுபவர்கள் நிறையப் பேர். வைஃபையை அணைத்து வைத்திருப்பதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டியின் வழக்கம். கேபிள் வழியே 192.168.1.1 முகவரிக்குப் போனால் கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே விடும். முதல் வேலையாக ஒரு கடவுச்சொல் வையுங்கள். பிறகு வைஃபையில் நாடு இந்தியா என்று குறித்து, அதற்கும் கடவுச்சொல் போட்டு இயக்குங்கள். ஃபைபர் பெட்டியின் முகவரியும் 192.168.1.1 ஆகவே இருந்தால் இரண்டும் முட்டிக்கொண்டு இணையம் வராது. உங்கள் ரவுட்டரை 192.168.2.1 ஆக்கிவிட்டால் தீர்ந்தது.

உண்மையிலேயே எழுந்திருக்கவில்லையா? ‘பிரிக்’ ஆகிவிட்டது என்பார்கள். செங்கல்லாகக் கிடக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் பூட்லோடர் என்ற சின்ன நிரல் பிழைத்திருக்கும். ஆர்ச்சர் சி7 வி2 என்றால், லேப்டாப்புக்கு 192.168.0.66 என்ற முகவரி கொடுத்து, டிஎஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் மென்பொருளில் சரியான பெயரோடு கோப்பை வைத்து, ரீசெட் பொத்தானை அழுத்தியபடி ரவுட்டரை ஆன் செய்தால் அதுவே கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். மாடலுக்கு மாடல் இந்த முறை வேறுபடும். வேலையைத் தொடங்கும் முன்பே அதைப் படித்து, கோப்பையும் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ரவுட்டர் படுத்த பிறகு தேட இணையம் இருக்காது!

இவ்வளவு பாடுபட்டால் வேகம் கூடுமா? கூடாது. கம்பெனி கைவிட்ட பெட்டிக்குப் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும், அதுவே பெரிய காரணம். எனக்குப் பிடித்தது எஸ்க்யூஎம் என்ற வசதி. போனிலிருந்து படங்கள் மேலே ஏறும் நேரத்தில் வீடியோ அழைப்பு திக்குகிறதல்லவா? தரவு நீண்ட வரிசையில் தேங்கி நிற்பதால் வரும் கோளாறு அது. எஸ்க்யூஎம்மை நிறுவி, இணைப்பின் வேகத்தில் 90 சதவீதம் அளவுக்கு வரம்பு வைத்தால் அந்த வரிசை நம் ரவுட்டரின் கட்டுப்பாட்டுக்குள் வரும். பேச்சு தடையின்றி ஓடும். இதற்கு பிராசசர் கொஞ்சம் உழைக்க வேண்டும். பழைய ரவுட்டரையும் வேகமான ஃபைபரையும் சேர்த்து வைத்திருப்பவர் இதை இயக்கினால் மொத்த வேகமே இறங்கிவிடலாம்.