பிடித்த படக்கதையும் அடுத்த புத்தகமும்

படக்கதை தவிர வேறு எதையும் தொட மறுக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குச் சில யோசனைகள்

காய்ச்சலையும் இருமலையும் பற்றிச் சொல்லி முடித்து, மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்டு எழுந்திருக்கும் வேளையில், குழந்தைகள் நல மருத்துவரிடம் பெற்றோர் பலர் தயக்கத்துடன் சொல்லும் குறை ஒன்று உண்டு. “எப்பொழுது பார்த்தாலும் அதே காமிக்ஸ்தான், டாக்டர். வேறு புத்தகத்தைக் கையில் எடுப்பதே இல்லை.”

சிகிச்சைக்காகப் பள்ளிக்குச் செல்ல இயலாமல் வாரக்கணக்கில் வீட்டிலோ வார்டிலோ இருக்கும் பிள்ளையின் பெற்றோருக்கு இக்கவலை இன்னும் கூடுதலாகவே இருக்கும். வகுப்பில் பின்தங்கிவிடக் கூடாதே என்ற அச்சத்தில், படக்கதைகளைப் பீரோவின் மேல்தட்டில் மறைத்து வைப்போரும் உள்ளனர். அவ்வாறு செய்ய வேண்டியதில்லை என்பதையே இக்கட்டுரை முதலில் சொல்ல விரும்புகிறது. பிள்ளை தனக்குப் பிடித்த படக்கதையைக் கைவிடாமலே அடுத்த நூலை எட்டிப் பிடிக்கலாம். அதற்கு வேண்டியது சிறிது பொறுமையும், பெரியவர் ஒருவரின் குரலும் ஆகும்.

படக்கதை படிப்பதும் படிப்பே

படக்கதை படிக்கும் பிள்ளை சோம்பி இருக்கிறது என்று எண்ண வேண்டாம். ஒரு கட்டத்தில் கதாநாயகன் மரத்தின் மேல் இருக்கிறான். அடுத்த கட்டத்தில் ஆற்றில் நீந்துகிறான். இடையில் அவன் குதித்ததை யாரும் வரைந்து காட்டவில்லை. அதைப் பிள்ளையே ஊகித்துக்கொள்கிறது. முகக்குறிப்பைப் பார்த்து உணர்ச்சியை அறிகிறது. பேச்சுக் குமிழியின் வடிவத்தைப் பார்த்து அது நினைவா, கூச்சலா என்று புரிந்துகொள்கிறது. இவை யாவும் வாசிப்பின் உறுப்புகளே.

நம் நாட்டில் இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. 1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து ‘முத்து காமிக்ஸ்’ இரும்புக்கை மாயாவியுடன் வெளிவரத் தொடங்கியது. 1984இல் ‘லயன் காமிக்ஸ்’ வந்தது. அவற்றை ஒளித்து ஒளித்துப் படித்த சிறுவர் சிறுமியர் பலர் பிற்காலத்தில் நல்ல வாசகர்களாக வளர்ந்தனர். அமெரிக்க மொழியியல் அறிஞர் ஸ்டீபன் கிராஷனும், விருப்பத்துடன் படிக்கும் எளிய நூல்களே கடினமான நூல்களுக்கு இட்டுச் செல்லும் வழி என்று நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறார்.

நோயுற்ற பிள்ளையும் தெரிந்த கதையும்

மருத்துவமனையில் பிள்ளைக்குத் தெரியாதவை மிகுதி. அடுத்து யார் வருவார், ஊசி உண்டா, எப்போது வீட்டுக்குச் செல்லலாம் என்பன எதுவும் அதன் கையில் இல்லை. இருபது முறை படித்த படக்கதையில் மட்டும் அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்பது அதற்குத் தெரியும். அந்த உறுதியே அதற்கு ஆறுதல். ஆகவே அறுவைச் சிகிச்சை, ரத்தப் பரிசோதனை, கடும் காய்ச்சல் போன்ற நாட்களில் புதிய நூலைத் திணிக்க வேண்டாம். பழைய நூலையே தலையணைக்கு அருகில் வையுங்கள்.

உடல் தேறி, பிள்ளை சலிப்படையத் தொடங்கும் நாட்களே புதிய நூலுக்கு ஏற்றவை. அப்போதும் ட்ரிப்ஸ் ஏறும் கையால் தடித்த புத்தகத்தைப் பிடிக்க இயலாது என்பதை நினைவில் கொண்டு, மெல்லிய நூல்களைத் தேர்ந்தெடுங்கள். அல்லது நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.

தடை எங்கே இருக்கிறது?

படமில்லாத கதையைத் தமிழ்ப் பிள்ளைகள் ஒதுக்குவதற்குப் படமின்மை மட்டுமே காரணம் அன்று. வீட்டில் ‘போயிட்டான்’ என்று கேட்ட பிள்ளை, நூலில் ‘போய்விட்டான்’ என்று காண்கிறது. ‘வந்துட்டிருந்தா’ என்பது ‘வந்துகொண்டிருந்தாள்’ என நீள்கிறது. எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துபோகிறது. படக்கதையில் வாக்கியம் சிறியது. பொருளைப் படமும் தாங்குகிறது. உரைநடையில் இடம், நேரம், உணர்ச்சி அனைத்தையும் சொற்களே சுமக்க வேண்டும்.

எழுத்துத் தமிழ் காதுக்குப் பழகினால் கண்ணுக்கும் எளிதாகும். அதனால்தான், தானே படிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் பெரியவர்கள் உரக்கப் படித்துக் காட்டுவது இன்றியமையாதது.

எது பிடித்திருக்கிறது?

அடுத்த நூலைத் தேடும் முன், இப்போதுள்ள நூலில் பிள்ளைக்கு எது பிடித்திருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். ‘அந்தக் கதையை எனக்குச் சொல்’ என்று கேட்டுவிட்டு, எந்த இடத்தில் அதன் கண்கள் விரிகின்றன என்று கவனித்தாலே போதும்.

சிரிப்பு பிடித்திருந்தால், சிரிப்பிலிருந்தே தொடங்குங்கள். ‘டிங்கிள்’ இதழின் சுப்பாண்டி தமிழ் நாட்டுப்புறக் கதையிலிருந்து சென்றவன். அவனை விரும்பும் பிள்ளைக்குத் தெனாலிராமன் கதைகளும் பரமார்த்த குருவின் கதைகளும் அயலாகத் தோன்றா. பரமார்த்த குருவின் சீடர்கள் ஐவரும் சுப்பாண்டிக்கு அண்ணன்மார் போன்றவர்களே.

விலங்குகள் பிடித்திருந்தால், நம் பகுதியே ஒரு நூலகம். 1985 முதல் வண்டலூரில் இயங்கிவரும் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். கூண்டுகளின் முன் உள்ள தகவல் பலகைகளைப் பிள்ளையே படித்துச் சொல்லட்டும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்திற்கு வரும் பறவைகளைப் பார்த்துவிட்டு வந்த மாலையில், பறவைகளைப் பற்றிய சிறு நூல் ஒன்று தானாகவே சுவைக்கும்.

வீரசாகசம் பிடித்திருந்தால், உண்மையில் நிகழ்ந்த கதை ஒன்றைச் சொல்லுங்கள். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், நம் பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியல் அறிஞர் மண்ணிலிருந்து ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது பழைய கற்கால மனிதன் செதுக்கிய கைக்கோடரி. இந்தியாவின் தொல்பழங்காலத்தைப் பற்றிய ஆய்வுக்கு அந்தக் கல் அடித்தளம் இட்டது. நாள்தோறும் மின்சார ரயிலில் கடந்து செல்லும் பல்லாவரத்தில் இப்படி ஒரு புதையல் கிடைத்தது என்று அறிந்த பிள்ளை, ‘அப்புறம்?’ என்று கேட்கும். அக்கேள்விக்கு விடை படக்கதையில் இல்லை. வரலாற்று நூலில் இருக்கிறது.

படம்தான் பிடிக்கிறது என்றால், அதுவும் நல்லதே. பிள்ளைக்கு வெள்ளைத் தாளைக் கொடுத்து, ஆறு கட்டங்கள் வரையச் சொல்லுங்கள். நீங்கள் படித்துக் காட்டிய படமில்லாத கதையை அதுவே படக்கதையாக மாற்றட்டும். சொற்களிலிருந்து காட்சியை உருவாக்கும் பழக்கம் இவ்வாறு கைகூடும்.

நடுவில் உள்ள படிகள்

படக்கதையிலிருந்து நாவலுக்கு ஒரே தாவலில் செல்ல இயலாது. 1947இல் சென்னையில் தொடங்கப்பட்ட ‘அம்புலிமாமா’ இத்தகைய நடுப்படியாகத் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டது. பக்கத்தில் படமும் இருக்கும். கதையோ முழுவதும் உரைநடையில் இருக்கும். வேதாளத்தைத் தோளில் சுமந்து செல்லும் விக்கிரமனை வரைந்தவர் ஓவியர் சங்கர், 2020இல் மறைந்தார். அந்த ஒரு படத்தைப் பார்த்துக் கதைக்குள் நுழைந்த பிள்ளைகள் ஏராளம். தாத்தா பாட்டி வீட்டில் பழைய இதழ்கள் இருந்தால் எடுத்து வாருங்கள்.

ஒரே எழுத்தாளரைப் பின்தொடர்வதும் நல்ல வழி. வாண்டுமாமா (1925–2014) படக்கதைகளும் எழுதினார். சிறுவர் நாவல்களும், அறிவியலும் பொது அறிவும் சொல்லும் நூல்களும் எழுதினார். அவருடைய படக்கதையை விரும்பிய பிள்ளைக்கு, ‘இதுவும் அதே மாமா எழுதியதுதான்’ என்று நாவலை நீட்டலாம்.

இன்றைய நூல்களுக்கும் குறைவில்லை. சென்னையைச் சேர்ந்த தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் அமைந்த படநூல்களை வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்டோரிவீவர்’ இணையதளத்தில் தமிழ்க் கதைகளை வாசிப்பு நிலை வாரியாகக் கட்டணமின்றிப் படிக்கலாம்; சிகிச்சைக்குக் காத்திருக்கும் நேரத்தில் கைப்பேசியிலேயே அவை கிடைக்கும். தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் 2023இல் பள்ளிகளுக்கு அளித்த சிறு நூல்கள் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டவை. வயதைப் பார்க்காமல், பிள்ளை இப்போது எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்தே தொடங்குங்கள்.

உடல்நிலை இடம் கொடுக்கும்போது, அருகிலுள்ள கிளை நூலகத்தில் பிள்ளையை உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். விடுமுறை நாளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்கும் சென்று வரலாம். அங்கே ஒரு விதியை மட்டும் கடைப்பிடியுங்கள்: ஒரு நூலைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும், ஒரு நூலை நீங்கள் தேர்ந்தெடுங்கள். பிள்ளை எடுத்தது மீண்டும் படக்கதையாகவே இருந்தாலும் முகம் சுளிக்க வேண்டாம்.

பதினைந்து நிமிடம் போதும்

இரவு உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் பிள்ளைக்குப் பிடித்த படக்கதையில் இரண்டு பக்கம். பிறகு புதிய நூலில் இரண்டு பக்கம். கதாநாயகன் பேசும் வரிகளைப் பிள்ளை படிக்கட்டும். மற்றவற்றை நீங்கள் படியுங்கள். வேதாளக் கதையானால், வேதாளம் கேள்வி கேட்கும் இடத்தில் நூலை மூடிவிடுங்கள். விக்கிரமன் என்ன விடை சொல்லியிருப்பான் என்று மறுநாள் வரை பிள்ளை யோசிக்கட்டும். விடையைத் தேடி அதுவே பக்கத்தைப் புரட்டினால், நீங்கள் நினைத்தது நடந்துவிட்டது என்று பொருள்.

ஐந்து பக்கம் கேட்ட பின்னும் பிடிக்கவில்லை என்றால், அந்நூலை மூடிவைக்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு. கதை முடிந்ததும் பாடம் போலக் கேள்விகள் கேட்க வேண்டாம். வேலை முடிந்து தாமதமாக வீடு திரும்பும் பெற்றோர், தாத்தா பாட்டியிடமோ அக்காவிடமோ இப்பொறுப்பை ஒப்படைக்கலாம். எழுத்தறியாத பாட்டி கதை சொல்வதும் இதே பயனைத் தரும்.

மருத்துவர்கள் இதில் அக்கறை கொள்வது புதிதன்று. 1989இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் தொடங்கிய ‘ரீச் அவுட் அண்ட் ரீட்’ திட்டத்தில், பரிசோதனைக்கு வரும் குழந்தைகளுக்கு மருத்துவர்களே புத்தகம் அளித்து, உரக்கப் படித்துக் காட்டுமாறு பெற்றோருக்கு அறிவுறுத்துகின்றனர்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

எழுத்தைத் தவிர்ப்பதற்கு உடல் சார்ந்த காரணமும் இருக்கலாம். பின்வருவனவற்றைக் கண்டால் அடுத்த வருகையில் மருத்துவரிடம் தெரிவியுங்கள்:

• புத்தகத்தை முகத்தருகே வைத்துப் படித்தல், கண்களைச் சுருக்கிப் பார்த்தல், படித்தபின் தலைவலி.

• படக்கதையிலும் படங்களை மட்டும் பார்த்து, குமிழிகளில் உள்ள எழுத்தை முற்றிலும் தவிர்த்தல்.

• எட்டு வயதுக்குப் பின்னும் எழுத்துக்களை மாற்றிப் படித்தல், பழகிய சொல்லையும் ஒவ்வொரு முறையும் எழுத்துக்கூட்டுதல்.

• புதிய மருந்து தொடங்கிய பின் தூக்கக் கலக்கம், பார்வை மங்கல், கவனச் சிதறல்.

‘டிஸ்லெக்சியா’ எனப்படும் வாசிப்புக் குறைபாட்டுக்கும் அறிவுத்திறனுக்கும் தொடர்பில்லை. உரிய பயிற்சியால் பிள்ளைகள் நன்கு முன்னேறுகின்றனர். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்கெனவே இயங்கிவருகிறது.

நூலின் தூய்மையையும் கவனியுங்கள். பழைய புத்தகக் கடையில் வாங்கிய இதழ்களின் தூசும் பூஞ்சையும் ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மூச்சிரைப்பைத் தூண்டலாம். வெயிலில் வைத்துத் துடைத்து எடுத்த பிறகும் நாற்றம் வீசினால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்துள்ள பிள்ளைகளுக்கு இரவல் நூல் கொடுக்கும் முன் மருத்துவரையோ செவிலியரையோ கேட்டுக்கொள்ளுங்கள். துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய வழவழப்பான அட்டை நூல்கள் அவர்களுக்கு ஏற்றவை.

மாற்றம் ஒரு வாரத்தில் வராது. சில பிள்ளைகள் ஆறு மாதம் படக்கதையிலேயே நிற்கும்; பிறகு ஒரு நாள் படமில்லாத நூலின் பத்தாம் பக்கத்தில் இருக்கும். அதுவரை பழைய படக்கதைகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மீண்டும் காய்ச்சல் வரும் நாளில் பிள்ளை முதலில் கேட்பது அவற்றையாகத்தான் இருக்கும்.