கம்பியில்லா டிரில் வாங்கப் போகிறீர்களா? முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியை!

புது டெல்லி: புதிய வீட்டில் குடியேறிய முதல் வாரத்திலேயே பலருக்கும் தேவைப்படும் பொருள் டிரில்லிங் மெஷின். திரைச்சீலைக் கம்பி, தொலைக்காட்சித் தாங்கி, தண்ணீர் சுத்திகரிப்பான், அலமாரி என ஒவ்வொன்றுக்கும் சுவரில் துளையிட வேண்டியிருக்கிறது. நான்கு துளைகளுக்காக ஓர் ஆளை வரவழைப்பது எளிதாக இல்லாததால், சொந்தமாகவே ஒரு கருவியை வாங்கிவிடலாம் என்ற எண்ணத்துடன் இணைய விற்பனைத் தளத்தைத் திறந்தால் குழப்பம் அங்கே தொடங்குகிறது. ஒரு டிரில் '12 வோல்ட்' என்கிறது, மற்றொன்று '18 வோல்ட்' என்கிறது. அவற்றைவிடக் குறைந்த விலையில் '48 வோல்ட்', '88 வோல்ட்' என்று எழுதப்பட்ட கருவிகளும் வரிசையில் நிற்கின்றன.

எண் பெரியதாக இருந்தால் வலிமையும் அதிகம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இந்த எண்களில் சில கருவியின் மின்னழுத்தத்தையே குறிப்பதில்லை. அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. கம்பியில்லாக் கருவி ஒன்றை வாங்குபவர் உண்மையில் வாங்குவது ஒரு பேட்டரி அமைப்பை. டிரில்லின் மோட்டார் பத்து ஆண்டுகள் உழைக்கக்கூடும். பேட்டரி அதற்கு முன்பே ஓய்ந்துவிடும். அப்போது அதே பேட்டரி சந்தையில் கிடைக்கவில்லை என்றாலும், அதன் விலை புதிய கருவியின் விலையை நெருங்கினாலும், நல்ல நிலையில் உள்ள டிரில் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

செல்களைக் கொண்டு கணக்கிடலாம்

பேட்டரியில் இயங்கும் டிரில் புதிதல்ல. அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் 1961-ஆம் ஆண்டிலேயே நிக்கல்-காட்மியம் பேட்டரியில் இயங்கும் டிரில்லை அறிமுகப்படுத்தியது. இன்று விற்பனையாகும் கருவிகளில் பெரும்பாலானவை லித்தியம்-அயன் பேட்டரியில் இயங்குகின்றன. அந்த பேட்டரியின் உறையைத் திறந்தால் உள்ளே உருளை வடிவச் செல்கள் இருக்கும். ஒவ்வொரு செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.6 வோல்ட், முழுமையாகச் சார்ஜ் ஆனவுடன் 4.2 வோல்ட்.

மூன்று செல்களைத் தொடராக இணைத்தால் 10.8 வோல்ட் கிடைக்கும். இதைத்தான் '12 வோல்ட்' வகை என்று விற்கிறார்கள். ஐந்து செல்களை இணைத்தால் 18 வோல்ட். முழுச் சார்ஜில் அதுவே 21 வோல்ட் வரை உயரும். ஒரே அமைப்பை ஒரு நிறுவனம் '18 வோல்ட்' என்றும், மற்றொரு நிறுவனம் '20 வோல்ட் மேக்ஸ்' என்றும் எழுதுவதன் காரணம் இதுவே. இவ்விரண்டுக்கும் இடையே வலிமையில் வேறுபாடு எதுவும் இல்லை.

'48 வோல்ட்' என்று எழுதப்பட்ட மலிவு விலைக் கருவியின் உண்மையை அறிய அதன் சார்ஜரைப் பார்த்தாலே போதும். சார்ஜரின் மீது 'அவுட்புட்' என்ற இடத்தில் 21 வோல்ட் என்று அச்சிடப்பட்டிருந்தால் உள்ளே தொடராக இருப்பவை ஐந்து செல்கள். 16.8 வோல்ட் என்றால் நான்கு, 12.6 வோல்ட் என்றால் மூன்றே மூன்று. உண்மையான 48 வோல்ட் பேட்டரிக்கு 13 செல்கள் தொடராக வேண்டும். உள்ளங்கை அளவுள்ள பெட்டிக்குள் அவை அடங்கா. இத்தகைய எண்களுக்குப் பின்னால் 'வி.எஃப்.' என்ற இரண்டு எழுத்துகள் சேர்க்கப்பட்டிருப்பதும் வழக்கம். அது மின்னழுத்தத்தின் அலகு அல்ல. வெறும் மாதிரிப் பெயர் என்று சொல்லித் தப்பிக்க உதவும் ஒட்டு.

மில்லி ஆம்பியர்-மணி என்று குறிப்பிடப்படும் கொள்ளளவிலும் இதே விளையாட்டு நடக்கிறது. மின்கருவிகளில் பரவலாகப் பயன்படும் '18650' செல் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது. இவ்வகைச் செல் ஒன்றின் கொள்ளளவு அதிகபட்சம் 3,500 மில்லி ஆம்பியர்-மணி அளவில்தான் இருக்கும். தொடராக இணைத்தால் மின்னழுத்தம் கூடுமே தவிர இந்தக் கொள்ளளவு கூடாது. ஆகவே ஐந்து செல்கள் மட்டுமே உள்ள ஒற்றை அடுக்கு பேட்டரியில் '15,000 மில்லி ஆம்பியர்-மணி' என்று எழுதியிருந்தால் அதை நம்ப வேண்டியதில்லை.

வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். ஒப்பீட்டுக்கு இந்த ஓர் எண்ணே நேர்மையானது. 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி பேட்டரியின் ஆற்றல் 36 வாட்-மணி. பிளக்கில் செருகி இயக்கும் 600 வாட் டிரில் முழுச் சுமையில் ஒரு நிமிடம் ஓடினால் 10 வாட்-மணி செலவாகும். அந்தச் சுமையை அதே வேகத்தில் தாங்க வேண்டுமானால் இந்த பேட்டரி நான்கு நிமிடம்கூட நிற்காது. திருகு முடுக்குவதும் சிறு துளையிடுவதும் சில விநாடி வேலை என்பதால் டிரில்லில் இந்தக் குறை தெரிவதில்லை. ஆங்கிள் கிரைண்டர், மரம் அறுக்கும் வட்ட ரம்பம் போன்று தொடர்ந்து சுமை தாங்கும் கருவிகளில்தான் அது உடனே வெளிப்படும். அவற்றுக்கு 4 அல்லது 5 ஆம்பியர்-மணி பேட்டரி தேவை. எடையும் விலையும் அதற்கேற்ப ஏறும்.

சுவர் எப்படிப்பட்டது?

மேலை நாட்டு விளம்பரங்களில் ஒருவர் சிறிய டிரில்லைக் கொண்டு நொடியில் சுவரில் துளையிடுவதைக் காணலாம். அமெரிக்க வீடுகளில் பெரும்பாலான உட்சுவர்கள் மரச்சட்டத்தின் மீது ஜிப்சம் பலகை பொருத்தியவை. இந்திய வீடுகளின் சுவர்களோ செங்கல் அல்லது சிமென்ட் கல்லின் மீது பூசப்பட்டவை. ஜன்னலுக்கு மேலே இருப்பது கான்கிரீட் லிண்டல். திரைச்சீலைக் கம்பி பொருத்த வேண்டிய இடமும் அதுதான். அடுக்குமாடிக் குடியிருப்புகள் சிலவற்றில் சுவர் முழுவதுமே கான்கிரீட்டாக இருக்கும்.

எனவே ஹேமர் வசதி இல்லாத டிரில், இந்திய வீட்டுச் சுவருக்குப் பெரிதும் பயன்படாது. ஹேமர் வசதியுள்ள 18 வோல்ட் டிரில் செங்கல் சுவரில் 6 அல்லது 8 மில்லிமீட்டர் துளையை எளிதாக இடும், கான்கிரீட்டில் திணறும். கான்கிரீட்டுக்கு உரியது 'எஸ்.டி.எஸ். பிளஸ்' எனப்படும் பிடிப்பு அமைப்பைக் கொண்ட ரோட்டரி ஹேமர். அதனுள் பிஸ்டன் ஒன்று துளைக்கம்பியைப் பின்னாலிருந்து அடிக்கிறது. சாதாரண இம்பாக்ட் டிரில்லில் இரண்டு பற்சக்கரத் தகடுகள் உரசி அதிர்வை மட்டுமே உண்டாக்குகின்றன. பெயரைப் பார்த்து ஏமாறக்கூடிய மற்றொரு கருவி இம்பாக்ட் டிரைவர். அதன் அடி சுழலும் திசையில் விழுவது. நீளமான திருகை மரத்தில் முடுக்க அதைவிடச் சிறந்தது இல்லை. சுவரைத் துளையிட அது உருவாக்கப்படவில்லை.

ஆண்டுக்கு நான்கைந்து முறை மட்டுமே சுவரில் துளையிடப் போகும் குடும்பத்துக்குக் கம்பியில்லாக் கருவி அவசியமே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிளக்கில் செருகும் 13 மில்லிமீட்டர் இம்பாக்ட் டிரில் ஒன்று, பெயர் பெற்ற நிறுவனத்தின் 18 வோல்ட் தொகுப்பைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பத்து ஆண்டுகள் அலமாரியில் கிடந்தாலும் எடுத்தவுடன் ஓடும். அத்துடன் மரச்சாமான்களைப் பூட்டுவதற்கு ஒரு 12 வோல்ட் டிரைவர் இருந்தால் சராசரி வீட்டின் தேவை ஏறக்குறைய முடிந்துவிடும். டிரில், கிரைண்டர், புளோயர், ஜிக்சா என்று மூன்று நான்கு கருவிகளை அடுத்தடுத்து வாங்கும் எண்ணம் உள்ளவருக்கே 18 வோல்ட் பேட்டரி அமைப்பு பணத்துக்கு ஏற்ற பயனைத் தரும். முதல் கருவியைப் பேட்டரி, சார்ஜர் உள்ள தொகுப்பாக வாங்கிவிட்டால், அடுத்தவற்றை பேட்டரி இல்லாத 'பேர் டூல்' ஆக வாங்கலாம்.

ஒரே பெயர், பொருந்தாத பேட்டரி

இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரே நிறுவனத்தின் பொருள் என்பதால் பேட்டரியும் பொருந்தும் என்று கருதிவிடுகிறார்கள். போஷ் நிறுவனத்தின் நீல நிறத் தொழில்முறைக் கருவிகளின் 18 வோல்ட் பேட்டரி, அதே நிறுவனத்தின் பச்சை நிற வீட்டு உபயோகக் கருவிகளில் பொருந்தாது. மகிட்டாவின் 18 வோல்ட் வரிசை 2005-இல் அறிமுகமாகி இன்றும் தொடர்கிறது. பின்னர் வந்த 40 வோல்ட் வரிசையின் பேட்டரி அதில் ஏறாது. டிவால்ட், பிளாக் அண்டு டெக்கர் இரண்டும் ஒரே தாய் நிறுவனத்துக்குச் சொந்தமானவை என்றாலும் அவற்றின் பேட்டரிகள் வெவ்வேறு. கைபேசிகளுக்கு ஒரே சார்ஜர் வந்துவிட்ட காலத்தில் மின்கருவித் தொழில் மட்டும் இன்னும் தனித்தனிப் பூட்டுகளையே விற்றுக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியின் மெடாபோ 2018-இலும், போஷ் 2020-இலும் பல நிறுவனங்களை இணைத்துப் பொது பேட்டரிக் கூட்டணிகளை அமைத்தன. ஆனால் இவையும் தனித்தனிக் கூட்டணிகளே. ஒன்றின் பேட்டரி மற்றொன்றில் இயங்காது.

பேட்டரியைப் பிரிக்க முடியாத, யு.எஸ்.பி. கம்பியில் சார்ஜ் ஆகும் சிறிய 3.6 வோல்ட் ஸ்க்ரூ டிரைவர்களும் ஏராளமாக விற்கின்றன. கைக்கு அடக்கமானவை, பயனுள்ளவை. உள்ளே இருக்கும் செல் ஓய்ந்தால் கருவியும் ஓய்ந்தது என்பதை அறிந்து வாங்கினால் போதும்.

சந்தையில் மற்றொரு வழியும் உண்டு. புகழ்பெற்ற பேட்டரிகளின் வடிவத்தை அப்படியே பின்பற்றிய மாற்று பேட்டரிகள் பாதி விலைக்கும் கீழே கிடைக்கின்றன. அவை கருவியில் சரியாகப் பொருந்தும், ஓடவும் செய்யும். ஆனால் செல்களுக்கு இடையே மின்னழுத்தத்தைச் சமன்செய்யும் சுற்றும் வெப்ப உணரியும் எல்லாவற்றிலும் இருப்பதில்லை. ஒரு செல் மட்டும் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆனால் அது தீப்பற்றக்கூடும். இந்தியாவில் கையடக்கக் கருவிகளுக்கான லித்தியம் பேட்டரிகள் ஐ.எஸ். 16046 தரத்தின்கீழ் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் கட்டாயமாகப் பதிவு செய்யப்பட வேண்டியவை. பேட்டரியின் மீது 'ஆர்' என்ற ஆங்கில எழுத்துடன் தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து, அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அது உண்மையானதா என்று சரிபார்க்கலாம்.

வெயிலும் மறதியும்

தொழிலாளியிடம் உள்ள பேட்டரி உழைத்துத் தேய்கிறது; வீட்டில் உள்ள பேட்டரியோ பெரும்பாலும் கிடந்தே கெடுகிறது. வேலை முடிந்து முழுவதும் தீர்ந்த நிலையில் பெட்டியில் வைக்கப்படும் பேட்டரி, மாதக்கணக்கில் தானாகவும் சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டே போகும். செல்லின் மின்னழுத்தம் பாதுகாப்பு எல்லைக்குக் கீழே போய்விட்டால் சார்ஜர் அதை ஏற்க மறுக்கும். சுமார் பாதி சார்ஜுடன் கருவியிலிருந்து கழற்றி வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம். லித்தியம் செல் பயன்படுத்தாமல் இருந்தாலும் வயதாகிக்கொண்டே இருப்பதால், சலுகை விலையில் கிடைக்கிறது என்று இரண்டாவது பேட்டரியை முன்கூட்டியே வாங்கி வைப்பதில் லாபம் இல்லை. கடையில் வாங்கும்போதும் பெட்டியின் மேல் உள்ள தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பார்ப்பது நல்லது.

வெப்பம் மற்றொரு பகை. பல நிறுவனங்கள் சார்ஜ் செய்வதற்குக் கூறும் மேல்வரம்பு 40 டிகிரி செல்சியஸ். வட இந்தியாவிலும் தக்காணத்திலும் மே மாத நண்பகலில் வெளி வெப்பநிலையே அதைத் தாண்டிவிடுகிறது. வேலை முடிந்த சூட்டிலேயே சார்ஜரில் வைக்காமல் ஆறவிட வேண்டும். மொட்டை மாடி அறையிலும், வெயிலில் நிற்கும் காரிலும் வைக்கக் கூடாது. இரவில் சார்ஜரில் போட்டுவிட்டு உறங்கும் கைபேசிப் பழக்கத்தையும் இதில் கைவிடுவது நல்லது.

கம்பி இல்லாததால் மின்னதிர்ச்சி அபாயமும் இல்லை என்ற எண்ணம் தவறானது. சுவருக்குள் புதைந்த மின்கம்பியில் துளைக்கம்பி பட்டால் எந்த டிரில்லாக இருந்தாலும் ஆபத்துதான். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளையிடாமல் இருப்பது, முதலில் மெயின் சுவிட்சை அணைப்பது, கண்ணாடி அணிவது ஆகியவை எல்லாக் கருவிகளுக்கும் பொதுவானவை. மெயினை அணைத்த பிறகும் வேலையைத் தொடர முடிவது கம்பியில்லா டிரில்லுக்கு மட்டுமே உள்ள வசதி.

விமானத்தில் எடுத்துச் செல்வோருக்கு வாட்-மணிக் கணக்கு மீண்டும் தேவைப்படும். டிரில்லைக் கைப்பையில் கொண்டு செல்ல முடியாது. தனியாகக் கழற்றிய லித்தியம் பேட்டரியைச் சரக்குப் பையில் வைக்க முடியாது. 100 வாட்-மணிக்கு மேல் 160 வரை உள்ளவற்றுக்கு விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரி 90 வாட்-மணி என்பதால் தப்பிவிடும். 6 ஆம்பியர்-மணி என்றால் 108.

விளம்பரத்தில் சொன்ன எண்ணும் வந்த பொருளும் வேறுபட்டால் வாங்கியவர் வாளாவிருக்க வேண்டியதில்லை. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் உறுதிப்படுத்தி, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் அழைக்கலாம். சார்ஜரின் 'அவுட்புட்' எண்ணைப் படம் எடுத்து வைத்திருந்தால் அதுவே வலுவான சான்று.

ஓய்ந்துபோன பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடுவதற்கு 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் இடம் தரவில்லை. வீட்டுக் குப்பையிலிருந்து பிரித்து, சேகரிப்பு அல்லது மறுசுழற்சி மையத்தில் ஒப்படைக்க வேண்டும். திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கும் உண்டு. கொடுக்கும் நாள் வரை அதன் மின்முனைகளின் மேல் இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, சாவி, ஆணி போன்ற உலோகப் பொருள்களிடமிருந்து விலக்கி வைக்க வேண்டும்.