தானே பற்றும் கிளச்சு

யாழ்ப்பாணத்து வீதிகளில் ஹொண்டா கப் மோட்டார் சைக்கிளைச் செலுத்துவோரின் இடக்கைக்குக் கிளச்சு என்னும் வேலை இல்லை. 1958ஆம் ஆண்டு யப்பானில் சுப்பர் கப் வெளிவந்தபோது, உணவுத் தட்டை ஒரு கையில் ஏந்திய கடைப்பையனும் மறுகையால் ஓட்டத்தக்கதாக அது அமைய வேண்டுமென ஆக்கியோர் விரும்பினர். அந்நாட்டுத் தபாற்காரருக்கென அதே இனத்திற் பிறந்த எம்.டி. 90 என்னும் வண்டியும் பின்னர் குடாநாட்டு ஒழுங்கைகளை வந்தடைந்தது. 1956இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் தொடக்கி வைத்த கார்ட் என்னும் சிறு பந்தய வண்டிகள் பலவற்றிலும், இன்றைய ஸ்கூட்டரிலும், மரம் அரியும் சங்கிலி வாளிலும் இதே தத்துவம் இயங்குகிறது.

கவணிற் கல்லை வைத்துச் சுழற்றுபவனுக்குக் கயிற்றின் இழுப்புத் தெரியும். மையநீக்க விசை என்று பாடநூல்கள் கூறுவது அதனையே. சுழற்சி இரு மடங்கானால் அவ்விசை நான்கு மடங்காகும் என்பதே இங்கு முக்கியம். கார்ட் வண்டியின் எஞ்சின் அச்சிற் பாரமான சில கட்டைகள் பொருத்தப்பட்டுள்ளன. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது சுருள்விற்கள் அவற்றை உள்ளே இழுத்து வைத்திருக்கும். வேகம் ஏறியதும் கட்டைகள் விற்களை வென்று வெளியே விலகி, தம்மைச் சூழ்ந்த உருளையைப் பற்றுகின்றன. உருளையோடு சங்கிலியும் சக்கரமும் சுழல்கின்றன. கப் வண்டியிலோ சிறு பாரங்கள் விலகித் தட்டுகளை நெருக்குகின்றன; அவை எஞ்சின் எண்ணெயில் நனைந்தே வேலை செய்கின்றன.

எவ்வேகத்திற் பற்ற வேண்டும் என்பதை வில்லின் வலிமையும் கட்டையின் பாரமும் தீர்மானிக்கும். மிகக் குறைந்த வேகத்திற் பற்றினால் எஞ்சின் திணறும்; மிகக் கூடிய வேகத்திற் பற்றினால் கட்டை நெடுநேரம் வழுக்கிச் சூடேறும். நீலம் பாரித்த உருளை அதற்குச் சாட்சி. விற்களை மாற்றுவதாயின் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும். உலர்ந்த கிளச்சில், உருளை சுழலும் புதையில் மட்டும் ஒரு துளி எண்ணெய் போதும். கட்டையில் எண்ணெய் பட்டால் அது பற்றாது.

கப் வண்டியின் கிளச்சைச் சீராக்குவது கடினமன்று. வலப்பக்க மூடியிலுள்ள பூட்டு நட்டைத் தளர்த்தி, நடுத் திருகாணியை ஒரு சுற்று வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். பின் இடஞ்சுழியாக மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் தடை தட்டுப்படும். அங்கிருந்து எட்டில் ஒரு பங்குச் சுற்று வலஞ்சுழியாக வைத்து, திருகாணி அசையாதபடி நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. எண்ணெய் விடயத்தில் சிக்கனம் பாராட்டலாகாது. உராய்வைக் குறைக்கும் சேர்க்கையுள்ள சில கார் எண்ணெய்கள் இக்கிளச்சை வழுக்கச் செய்துவிடும்.

ஆபத்து வேறோரிடத்தில் உண்டு. காலையில் எஞ்சின் நின்று நின்று போகிறதென்று, ஓய்வு வேகத் திருகாணியைக் கூட்டி வைப்பது பலரின் வழக்கம். அவ்வேகம் கிளச்சுப் பற்றும் வேகத்தை எட்டினால், ஸ்கூட்டரை இயக்கிய கணமே அது பாயும். முற்றத்திற் குழந்தைகள் விளையாடும் வீட்டில் இதனை எளிதாக எண்ண முடியாது. வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி எஞ்சினை இயக்கிப் பார்க்கலாம். பின்சக்கரம் சிறிது சுழன்றாலும், பிறேக்கை மெல்லத் தொட்டதும் நின்றுவிட வேண்டும். நில்லாவிடின் திருகாணியைக் குறைப்பதே முதல் வேலை. எஞ்சின் நின்று போவதற்குரிய காரணத்தைக் காபரேற்றரிலோ தீப்பொறிச் செருகியிலோ தேடலாம்.

மலையற்ற குடாநாட்டில் இக்கிளச்சுக்குப் பகை மணல். மணற்காட்டுப் பக்கத்தில் சக்கரம் புதைந்து அசையாதிருக்க, எஞ்சினை முடுக்குந்தோறும் பற்றவேண்டியவை வழுக்கிக் கருகுகின்றன. கருகல் மணம் எழுந்ததும் எஞ்சினை நிறுத்தி, இறங்கித் தள்ளி, கிளச்சு ஆறிய பின்னரே மீண்டும் ஏறுதல் வேண்டும்.