மத்தி மீனுக்கு விலை சொன்ன கைப்பேசி

ஒரு காலத்தில் தோட்டத்தில் டெலிபோன் என்றால் அது ஆபீசில்தான் இருக்கும். கிராணி ஐயா எடுத்துக் காதில் வைப்பார். லயத்துக்கு ஆள் அனுப்புவார். சொந்தத்தில் ஒரு சாவு என்றாலும், ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது என்றாலும், சேதி அவர் வாயைத் தாண்டித்தான் நமக்கு வரும். இன்று பால் வெட்டப் போகிறவர் சட்டைப்பையிலும் கைப்பேசி கிடக்கிறது.

பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் மட்டுமா இந்தச் சாமான்? பாட்டாளியின் வயிற்றுப்பாட்டுக்கு இதனால் நன்மை ஏதும் உண்டா? இந்தக் கேள்விக்குக் கணக்கோடு பதில் சொன்ன கடற்கரை ஒன்று இருக்கிறது. நம் தோட்டங்களில் கிராணி வேலை பார்த்த மலையாளிகள் பலரின் பூர்வீகமான கேரளாவில்தான் அந்தக் கடற்கரை. இவ்வாரம் அதைப் பற்றியே எழுதுகிறோம்.

வடகேரளத்து மீனவர்களுக்கு மத்திதான் பிழைப்பு. நம்மில் சிலர் சாளை என்போமே, அதே மீன். படகுகள் விடியற்காலையில் கரை சேரும். ஐஸ் போட்டு வைக்க வசதி கிடையாது. கரையோரச் சந்தையோ காலை எட்டு மணிக்கெல்லாம் கலைந்துவிடும். ஒரு கரையில் மீன் குவிந்துவிட்டால் விலை படுத்துவிடும். சில நாள் வாங்க ஆளே இருக்காது. பக்கத்துச் சந்தைக்குப் படகைத் திருப்பலாமே என்று நமக்குத் தோன்றும். அங்கே என்ன நிலவரம் என்று நடுக்கடலில் யார் வந்து சொல்வது? எண்ணெய்க்கும் செலவழித்துப் போய்ச் சேர்ந்து, அங்கேயும் மீன் குவிந்து கிடந்தால்? ஆகவே, கிடைத்தது போதும் என்று சொந்தக் கரைக்கே வருவார்கள்.

1997 ஜனவரி 14. நமக்கெல்லாம் பொங்கல். அன்று வடகரா கடற்கரையில் 11 மீனவர்கள், வாங்க ஆளில்லாமல், பிடித்து வந்த மீனை வீணாகக் கொட்டினார்கள். அதே காலையில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த மற்றச் சந்தைகளில் 27 பேர் மீன் கிடைக்காமல் நின்றார்கள்! ராத்தூக்கம் கெட்டு உழைத்தவன் ஒரு பக்கம், வெறுங்கூடையோடு நின்றவன் மறுபக்கம். நடுவில் ஒரு சேதி இல்லாமல் போனதால் வந்த வினை.

இந்தக் கணக்கை எடுத்தவர் ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர். கோழிக்கோடு, கண்ணூர், காசரகோடு ஆகிய மூன்று மாவட்டங்களில் 15 கடற்கரைகளையும் 300 படகுகளையும் சில ஆண்டுகள் வாராவாரம் கவனித்து, 2007-ல் வெளியிட்டார். பிடித்த மீனில் நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு குப்பைக்குப் போய்க்கொண்டிருந்ததாம்.

1997-லிருந்து ஒவ்வொரு மாவட்டமாகக் கைப்பேசிக் கோபுரங்கள் வந்தன. கோபுரங்கள் கரையோர ஊர்களில் நின்றதாலும், கடலுக்கு மேல் அலையைத் தடுக்க ஒன்றும் இல்லாததாலும், கரையிலிருந்து 20, 25 கிலோமீட்டர் வரை தொடர்பு கிடைத்தது. மத்தி பிடிக்கிற இடமும் அதுதான். படகிலிருந்தே, "அண்ணே, அங்கே என்னா விலை போகுது?" என்று கேட்டுவிட்டுப் படகைத் திருப்பலானார்கள். முன்பு வேறு கரைக்குப் போய் விற்றவர் அநேகமாக யாருமில்லை. பிறகு நூற்றுக்கு 35 பேர் அப்படிப் போனார்கள். மீன் கொட்டுவது நின்றது. மீனவர் லாபம் 8 விழுக்காடு கூடியது. வாங்குகிறவருக்கும் விலை 4 விழுக்காடு குறைந்தது. அந்நாளில் கைப்பேசி விலை சாதாரணமல்ல. ஆனாலும் இரண்டே மாதத்தில் போட்ட காசு திரும்பிவிட்டது.

இதைப் படித்துவிட்டு, கைப்பேசி வந்தால் ஏழ்மை போய்விடும் என்று பேசுகிறவர்கள் உண்டு. நாம் அவ்வளவு தூரம் போகமாட்டோம். படகுக்கும் வலைக்கும் தரகரிடம் முன்பணம் வாங்கிய மீனவர், அதே தரகர் மூலமாகத்தான் விற்றாக வேண்டும். அடுத்த கரையில் இரட்டை விலை என்று காதில் விழுந்தாலும் அவரால் படகைத் திருப்ப முடியுமா? கேரளக் கடற்கரைக்குப் பிற்காலத்தில் போய்ப் பார்த்தவர்கள் இதையும் எழுதியிருக்கிறார்கள். கடைக்கடன் நோட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சம்பளத்துக்கு மரம் வெட்டுகிறவருக்கு விலை பேச இடமில்லைதான். ஆனால் தோட்டத்தை விட்டு வந்து ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மங்கில் உறைந்த கட்டிப்பாலைத் தவுக்கேயிடம் கொண்டு போகுமுன், மலேசிய ரப்பர் வாரியம் அன்று சொன்ன விலையைக் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். எத்தனை விழுக்காடு உலர் ரப்பருக்குச் சொன்ன விலை என்பதையும் பார்க்க வேண்டும். தவுக்கே ஈரத்துக்குக் கழிப்பது அங்கேதான். செம்பனைக் குலைக்கும் செம்பனை எண்ணெய் வாரியம் விலை சொல்கிறது. 1 விழுக்காடு எண்ணெய்க்கு இவ்வளவு என்று போட்டிருக்கும். குலையின் தரம் 20 விழுக்காடு என்றால் 20-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். "இன்னிக்கு விலை எறங்கிப்போச்சு" என்று தவுக்கே சொன்னால், "எங்கே, காட்டுங்க" என்று கேட்கலாம். வேறு கடைக்கும் போக முடிந்தவர் இன்னும் கொஞ்சம் தைரியமாகக் கேட்கலாம்.

ஆனால் தொடர்பு கிடைத்தால்தானே? கடலில் தடையில்லாமல் போன அலை, நம் பக்கம் மேட்டிலும் செம்பனை ஓலையிலும் மாட்டிக்கொள்கிறது. லயத்து வாசலில் கிடைப்பது அடுப்படியில் கிடைப்பதில்லை. 2020-ல் சபா மாநிலத்தின் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவி பரீட்சை எழுத மரத்தின் மேல் ஏறி இரவைக் கழித்ததை நாடே பார்த்தது. காட்டில் வெட்டு வேலையில் ஒருவர் விழுந்து அடிபட்டால், ஆம்புலன்ஸைக் கூப்பிடவும் இதே பாடுதான்.

கோபுரம் வைக்க ஆள்தொகை வேண்டும், நிலம் வேண்டும். தோட்டத்து நிலமோ கம்பெனி நிலம்; அனுமதி இல்லாமல் உள்ளே கோபுரம் எழும்பாது. ஆகவே மனு இரண்டு இடத்துக்குப் போக வேண்டும். ஒன்று தோட்ட ஆபீசுக்கு. சங்கக் கிளை இருந்தால் கிளை மூலமாகவே போகட்டும். மற்றொன்று மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கு. "லைன் இல்லை" என்று மட்டும் எழுதினால் போதாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்த லயம், எந்தக் கம்பெனி லைன், எந்த நேரத்தில் அறுந்துபோகிறது, அங்கே எத்தனை குடும்பம், பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணி எழுதி, நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.